துருப்புச் சீட்டு என்று எழுதுகிறவர்கள் சீட்டாடியிருக்கிறார்களா?

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் போதும், தமிழ்ப் பத்திரிகைகளில் ஆளாளுக்கு ஒரு துருப்புச் சீட்டு முளைத்துவிடும். ஒரு கட்சிக்கு நதிநீர்ப் பிரச்சினை துருப்புச் சீட்டு, இன்னொரு கட்சிக்கு மதுவிலக்கு துருப்புச் சீட்டு, மூன்றாவது கட்சிக்கு சினிமாவிலிருந்து வந்த யாரோ ஒருவர் துருப்புச் சீட்டு. பக்கத்தைத் திருப்பி விளையாட்டுச் செய்திக்குப் போனால் அங்கே ஒரு சுழற்பந்து வீச்சாளர் அணியின் துருப்புச் சீட்டாகக் காத்துக்கொண்டிருப்பார். சரி, எழுதட்டும், நல்ல சொல்தான். ஆனால் இதை எழுதுகிறவர்களில் எத்தனை பேர் துருப்பு வைத்து ஆடும் ஓர் ஆட்டத்தையாவது உட்கார்ந்து ஆடியிருப்பார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ரம்மி மட்டுமே தெரிந்தவர்கள் எழுதுவது போலத்தான் இருக்கிறது. ரம்மியில் ஜோக்கர் உண்டு, துருப்பு கிடையாது.

செய்திகளைக் கூர்ந்து பார்த்தால் இந்தச் சொல்லை மூன்று விதமாகப் புழங்குகிறார்கள். ஒன்று, கடைசி நேரத்தில் வெளியே எடுக்கப்போகிற ரகசிய ஆயுதம். இரண்டு, ஒரு கூட்டத்திலேயே பலமான ஆள். மூன்றாவதுதான் எனக்கு எரிச்சல்: 'அகதிகளைத் துருப்புச் சீட்டாகப் பயன்படுத்தி அரசியல் செய்கிறார்கள்' என்பது மாதிரியான வாக்கியங்கள். அங்கே சொல்ல வருவது பகடைக்காய். யாரோ உருட்ட, யார் லாபத்துக்கோ நகர்த்தப்படுகிற காய். அதற்கு நம்மிடம் தாயமும் பகடையும் ஆடிய காலத்திலிருந்தே சொல் இருக்கிறது, அதை விட்டுவிட்டு ஆட்டத்திலேயே அதிகாரம் மிக்க சீட்டைக் கொண்டுவந்து பாவப்பட்டவர்கள் தலையில் வைப்பது என்ன கணக்கோ.

துருப்பு என்றால் மேசையில் நிஜமாகவே என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர், எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கூட்டாளிகள். ஒருவர் ஒரு சீட்டை இறக்குகிறார், அது ஸ்பேட் என்றால் மற்ற மூவரும் கையில் ஸ்பேட் இருக்கிறவரைக்கும் ஸ்பேட்தான் போட வேண்டும், உயர்ந்த ஸ்பேட் போட்டவருக்கு அந்தச் சுற்று. இவ்வளவுதான் அடிப்படை. இதன்மேல் ஒரே ஒரு விதியைக் கூட்டுங்கள்: இந்த ஆட்டத்துக்கு ஆர்ட்டின், அதாவது சிவப்பு இதயம் போட்ட வகை, துருப்பு. இப்போது கையில் ஸ்பேட் இல்லாதவர் ஓர் ஆர்ட்டினைப் போட்டால், அது வெறும் இரண்டாக இருந்தாலும், ஸ்பேட் ஏஸை வெட்டிவிடும். வெட்டுவது என்றுதான் ஆடுகிறவர்கள் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகள் ஆடுகிற கழுதை ஆட்டத்தில்கூட வெட்டு உண்டு, ஆனால் அங்கே வெட்டினால் பெரிய சீட்டு போட்டவன் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு அழ வேண்டும். இங்கே வெட்டினவன் அள்ளிக்கொண்டு சிரிப்பான்.

கவனிக்க வேண்டியது இரண்டு விஷயம். துருப்புச் சீட்டு பிறவியிலேயே பெரிய சீட்டு இல்லை. போன ஆட்டத்தில் யாரும் சீண்டாமல் கிடந்த ஆர்ட்டின் இரண்டு, இந்த ஆட்டத்தில் ராஜாவை விழுங்குகிறது, அடுத்த ஆட்டத்தில் கிளாவர் துருப்பு என்றால் மறுபடியும் குப்பை. அதற்குப் பலம் கொடுப்பது ஆடுகிறவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. இரண்டாவது, அதை நினைத்த நேரத்தில் எடுத்து வீச முடியாது. இறக்கிய வகை கையில் ஒன்றாவது இருந்தால் அதைத்தான் போட வேண்டும். தீர்ந்துபோனால்தான் வெட்ட முடியும். அதாவது உன் கையில் ஏதோ ஒன்று இல்லாமல் இருப்பதுதான் துருப்பை உனக்குப் பயன்படவைக்கிறது. 'தலைவர் தக்க சமயத்தில் துருப்புச் சீட்டை வீசினார்' என்று எழுதுகிற நிருபருக்கு இந்த நுணுக்கமெல்லாம் வேண்டியதில்லைதான்.

இந்த ஏற்பாட்டை முதலில் யோசித்தவர்கள் யார் என்று தேடிப்போனால் பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் போய் நிற்கிறோம். சீட்டு அங்கே போய்ச் சேர்ந்ததே 1370-களில்தான், எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் வழியாக. 1377-லேயே பிளாரன்ஸ் நகரத்தில் தடை போட்டுவிட்டார்கள், அவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டது. தெற்கு ஜெர்மனியில் நோர்ட்லிங்கன் என்ற ஊரின் 1426-ஆம் ஆண்டு ஆவணத்தில் கார்னோஃபல் என்ற ஆட்டத்தின் பேர் வருகிறது. அதில் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து, அந்த வகையில் சில சீட்டுகளுக்கு மட்டும் தனி அதிகாரம். எல்லாருக்கும் மேலே இருப்பது ராஜா இல்லை, ராஜாவுக்குக் கீழே நிற்கிற சாதாரணச் சிப்பாய்ச் சீட்டு. ஆறுக்குப் பட்டப்பெயர் போப், ஏழுக்குச் சாத்தான். கூலிக்குச் சண்டை போடுகிறவன் ராஜாவை அடிக்கிற ஆட்டம் அந்தக் காலத்துப் பாதிரியார்களுக்கு எப்படி இனித்திருக்கும் சொல்லுங்கள்.

இத்தாலிக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். இருக்கிற நான்கு வகையோடு தனியாக ஒரு படச்சீட்டு வரிசையையே சேர்த்துவிட்டார்கள். அதற்கு டிரையோன்ஃபி என்று பேர். வெற்றி ஊர்வலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜெயித்து வருகிற ரோமானியத் தளபதிக்கு நடத்துகிற ஊர்வலம். ஒவ்வொரு படமும் தனக்கு முன்னால் உள்ளதை ஜெயிக்கும். சக்கரவர்த்தி, போப், மரணம், சாத்தான், நட்சத்திரம், நிலா, சூரியன், உலகம் என்று வரிசை ஏறிக்கொண்டே போகும், எந்தப் படமும் சாதாரண ராஜாவை அடிக்கும். இதற்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய குறிப்பு 1440 செப்டம்பரில் எழுதியது. ஜுஸ்டோ ஜுஸ்டி என்பவர் ரிமினியின் பிரபு சிகிஸ்மொண்டோ மலதெஸ்டாவுக்கு ஒரு டிரையோன்ஃபி கட்டைப் பரிசாகக் கொடுத்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் கட்டை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். டாரோ கார்டு என்று மெழுகுவத்தி ஏற்றிவைத்துக்கொண்டு எதிர்காலம் சொல்கிறார்களே, அதேதான். 78 சீட்டு, அதில் 22 அந்தப் படச்சீட்டுகள். எகிப்தியப் பூசாரிகளின் ஞானம் என்றெல்லாம் கதை கட்டியது 1781-ல் கூர் த ஜெபலான் என்ற பிரெஞ்சுக்காரர். அதற்கு முன்னால் மூன்று நூற்றாண்டுக்கும் மேலாக அது சும்மா ஒரு சீட்டு விளையாட்டு, வியன்னாவிலும் பிரான்சிலும் இன்றைக்கும் அதை வைத்து விளையாடத்தான் செய்கிறார்கள். இதைத் திருத்தமாக நிறுவியவர் மைக்கேல் டமட் என்கிற ஆக்ஸ்போர்டு தத்துவப் பேராசிரியர். தர்க்கமும் கணிதத் தத்துவமும் எழுதிக்கொண்டிருந்த மனிதர் 1980-ல் டாரோ ஆட்டத்துக்கு என்றே தலையணை கனத்தில் ஒரு புத்தகம் போட்டார். எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

தனிப் படச்சீட்டு வாங்கக் காசு வேண்டும். எதற்கு அது, இருக்கிற நாலு வகையில் ஒன்றையே ஊர்வலத் தளபதி ஆக்கிவிடலாமே என்று 1500-ஐ ஒட்டிய வருஷங்களில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. பிரான்சில் இந்த மலிவு ஏற்பாட்டுக்கு டிரையோம்ஃப் என்று அதே பேரை வைத்துவிட்டார்கள். பேர் பறிபோனதால்தானோ என்னவோ இத்தாலியில் பழைய படச்சீட்டு ஆட்டத்துக்கு 1505 வாக்கில் டரோக்கி என்று புதுப்பேர் வருகிறது. பிரெஞ்சு டிரையோம்ஃப் இங்கிலாந்துக்குப் போய்த் தேய்ந்து டிரம்ப் ஆனது, ஜெர்மனியில் டிரும்ஃப், ஹாலந்தில் ட்ரூஃப், போர்ச்சுக்கலில் ட்ரூன்ஃபு.

ஆங்கிலத்தில் இது சீட்டு மேசையைத் தாண்டி வெளியே வந்ததற்கு ஒரு பிரமாதமான சாட்சி உண்டு. 1529 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், கேம்பிரிட்ஜின் புனித எட்வர்ட் தேவாலயத்தில் ஹியூ லாட்டிமர் என்கிற பாதிரியார் சீட்டாட்டத்தையே வைத்து ஒரு பிரசங்கம் செய்தார். கிறிஸ்துமஸ் நேரத்தில் எப்படியும் எல்லாரும் சீட்டாடத்தான் போகிறீர்கள், வாருங்கள் நான் உங்களுக்குக் கிறிஸ்துவின் சீட்டைப் போடுகிறேன், இந்த ஆட்டத்தில் இதயம்தான் துருப்பு என்று. ஆர்ட்டின் துருப்பு! அரசியல் நிருபர் செய்கிற அதே வேலையை ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் செய்துவிட்டார், இன்னும் அழகாக. பாவம், 1555-ல் அவரை ஆக்ஸ்போர்டில் உயிரோடு எரித்தார்கள், அது மதச் சண்டை, சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த இடத்தில் அமெரிக்க அதிபரின் ஞாபகம் வராதவர்கள் இருக்க முடியாது. அவர் குடும்பப் பெயருக்கும் சீட்டுக்கும் உறவு தேட வேண்டாம், அது ஜெர்மனியிலிருந்து கூடவே வந்த பேர். ஆனால் 2025 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் கேமராக்களுக்கு முன்னால் ஜெலன்ஸ்கியைப் பார்த்து, உன் கையில் சீட்டு இல்லை என்று அவர் கத்தியதும், நான் சீட்டாட வரவில்லை என்று இவர் திருப்பிச் சொன்னதும் இந்தப் பேரோடு சேர்ந்து வரும்போது, யாராவது எழுதிக்கொடுத்த வசனமோ என்றுதான் தோன்றுகிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

இந்தியாவில் சீட்டே இல்லாமல் இருந்து வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்பது சரியில்லை. கஞ்சீபா என்கிற வட்டச் சீட்டு மொகலாயர் வழியாக வந்துவிட்டது. 1527-ல் சிந்து ஆட்சியாளர் ஷா ஹசன் கேட்டதற்காகக் கஞ்சீபா அனுப்பிவைத்ததை பாபர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். எட்டு வகை, 96 சீட்டு. பிறகு தசாவதாரத்தை வைத்துப் பத்து வகை, 120 சீட்டு என்று நம் ஆட்கள் அதை வளர்த்தார்கள். பகலில் ஆடினால் ராமர் கையில் இருப்பவர் தொடங்க வேண்டும், இரவில் ஆடினால் கிருஷ்ணர் கையில் இருப்பவர். எவ்வளவு ரசனையான விதி! ஆனால் கஞ்சீபாவில் வழக்கமாகத் துருப்பு கிடையாது. உயர்ந்த சீட்டு உயர்ந்ததுதான், ராஜா ராஜாதான். ஆர்ட்டின் இரண்டு வந்து ராஜாவை வெட்டுகிற கதை கப்பலில் வந்தது.

எந்தக் கப்பல் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆங்கிலேயர் கப்பல் என்று நினைப்போம். ஆனால் நம் ஊர்ச் சீட்டுக்காரர்கள் வாயில் என்ன வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பூ மாதிரி மூன்று இதழ் போட்ட கறுப்புச் சீட்டுக்கு ஆங்கிலேயன் வைத்த பேர் கிளப். நாம் சொல்வது கிளாவர். டச்சுக்காரன் அதற்கு வைத்த பேர் கிளாவரன். சிவப்பு இதயத்துக்கு ஆங்கிலேயன் ஹார்ட் என்கிறான், பழைய ஆட்டக்காரர்கள் ஆர்ட்டின் என்கிறார்கள், டச்சில் ஹார்ட்டன். இலங்கைக்குப் போனால் நான்குமே டச்சுதான்: சிங்களத்தில் ஹாரத, ருவித, கலாபர, இஸ்கோப்ப. டச்சில் ஹார்ட்டன், ரூய்ட்டன், கிளாவரன், ஸ்கோப்பன். இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? அதே கையோடு ட்ரூஃப் என்பதும் இறங்கியிருக்கிறது. வார்த்தை முடிவில் 'ஃப்' நமக்கு வராது, தொடக்கத்தில் 'ட்ர' வராது, ஆகவே துருப்பு. மலையாளத்தில் துறுப்பு, தெலுங்கிலும் கன்னடத்திலும் துருபு, இந்தியில் துருப். பிராந்தியத்துக்குப் பிராந்தியம் கொஞ்சம் நெளிந்தாலும் ஒரே ஆள்தான். இந்திக்காரர்கள் மரபுத்தொடரில்கூட ஒருபடி மேலே போய் 'துருப்பின் ஏஸ்' என்றே சொல்லிவிடுவார்கள். நாம் வெறும் சீட்டோடு நிறுத்திக்கொண்டோம்.

படைகளைக் குறிக்கிற துருப்பு வேறு, அதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியத் துருப்புகள் எல்லையில் குவிந்தன என்று எழுதுகிறோமே, அது ஆங்கிலத்தின் ட்ரூப். துருப்புச் சீட்டு என்றால் சிப்பாய் படம் போட்ட சீட்டு என்று நம்பிக்கொண்டிருக்கிற படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் துருப்பு என்று சொல்லவே மாட்டார், துரும்பு என்றுதான் சொல்வார். முதன்முதலாக அவரோடு ஆடியபோது "அண்ணை, துரும்பை இறக்குங்கோ" என்று அவர் சொல்ல, ஈர்க்குச்சியை எங்கே இறக்குவது என்று விழித்தேன். சிங்களத்திலும் துரும்புதான். டச்சு ட்ரூஃபில் இந்த 'ம்' கிடையாது, போர்ச்சுக்கீசிய ட்ரூன்ஃபுவில் மூக்கொலி இருக்கிறது. இலங்கையில் போர்ச்சுக்கீசியர் 1505-ல் கால்வைத்து ஒன்றரை நூற்றாண்டு இருந்தார்கள், அப்புறம்தான் டச்சுக்காரர்கள் 1656-ல் கொழும்பையும் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். ஆட்டம் முதலில் போர்ச்சுக்கீசியரிடமிருந்தும் சீட்டு வகைகளின் பேர்கள் பின்னால் டச்சுக்காரரிடமிருந்தும் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆங்கிலத்திலும் 'ம்' இருக்கிறதே என்று நீங்கள் கேட்டால் என்னிடம் அதற்குச் சண்டைக்கு வர ஆயுதம் இல்லை. ஆனால் நான்கு வகைகளின் பேர்களும் டச்சாக இருக்கும்போது இதை மட்டும் ஆங்கிலேயன் வந்து கொடுத்தான் என்பது ஒட்டவில்லை.

டச்சுக்காரர்கள் நம் பக்கத்தில் எவ்வளவு நாள் இருந்தார்கள் என்பதை நாம் மறந்தேபோனோம். பழவேற்காட்டில் 1610 முதல், நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை, கொச்சியில் 1663 முதல் 1795 வரை. கக்கூசு என்ற சொல்லைக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். எங்கள் குமரி மாவட்டத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டார் டச்சுக் கம்பெனியின் தளபதி டிலனாய். பிறகு அதே மன்னருக்குப் படை பழக்கி, கோட்டை கட்டி, 1777-ல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே புதைக்கப்பட்டார். கூட இருந்த சிப்பாய்கள் மழைக்காலத்தில் கோட்டைக்குள் உட்கார்ந்து வேறு என்ன செய்திருப்பார்கள்? ஆதாரமெல்லாம் கிடையாது, அந்தக் கல்லறையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஓடுகிற கற்பனை, அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். எங்கள் பக்கம் ஆடுவது இருபத்தெட்டு. கேரளம் முழுக்க அதுதான், அதையே இரண்டு கட்டு வைத்துப் பெரிதாக்கினால் ஐம்பத்தாறு. தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளிலும் யாழ்ப்பாணத்திலும் ஆடுவது முந்நூற்று நாலு. எல்லாம் ஒரே குடும்பம். ஏழிலிருந்து ஏஸ் வரைக்கும் 32 சீட்டு போதும். உயர்ந்தது ஜாக்கி, எங்கள் ஊரில் குலான் என்போம். அடுத்தது ஒன்பது, அப்புறம் ஏஸ், பத்து, அதற்கும் கீழேதான் ராஜாவும் ராணியும். இருபத்தெட்டில் ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஒரு வகைக்கு 7, நாலு வகைக்கு 28. முந்நூற்று நாலில் ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஒரு வகைக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. ஜாக்கியும் ஒன்பதும் தலையில் ஏறி உட்காருவது டச்சுக்காரர்களின் கிளாவர்யாஸ் என்கிற சீட்டாட்டக் குடும்பத்து அடையாளம், அங்கே துருப்பு வகையில் மட்டும் அப்படி, இங்கே எல்லா வகையிலும் அப்படியே ஆக்கிக்கொண்டார்கள். இந்த ஆட்டங்கள் அங்கிருந்து வந்தவை என்றுதான் சீட்டாட்ட வரலாறு எழுதுகிறவர்களும் நினைக்கிறார்கள்.

இந்த ஆட்டங்களில் துருப்பு வைக்கிற முறைதான் முக்கியம். முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அதைப் பார்த்துவிட்டு ஏலம். நான் பதினாலு புள்ளி எடுப்பேன், நான் பதினாறு, நான் பதினெட்டு என்று கேட்டுக்கொண்டே போய், அதிகம் கேட்டவர் தன் நாலு சீட்டில் ஒன்றை உருவி யாருக்கும் காட்டாமல் மேசையில் கவிழ்த்து வைப்பார். அதுதான் துருப்பு. என்ன வகை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும், எதிரே இருக்கிற கூட்டாளிக்கும் தெரியாது. மீதி நாலு சீட்டு அதற்கப்புறம்தான் வரும். ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், யாராவது ஒருவரிடம் இறக்கிய வகை தீர்ந்துபோனதும் துருப்பைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். அப்போது கவிழ்ந்து கிடந்த சீட்டு புரளும். அது புரளும் வரைக்கும் அந்த வகைக்கு எந்த விசேஷ அதிகாரமும் கிடையாது. வீட்டுக்கு வீடு விதி கொஞ்சம் மாறும், ஆனால் கவிழ்த்து வைப்பது எல்லா இடத்திலும் உண்டு. எங்கள் வீட்டில் ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ மாமாக்கள் கூடினால் திண்ணையில் ஜமுக்காளம் விரித்து விடிய விடிய இதுதான். திறக்கச் சொல்கிற அந்தக் கணத்தில் வருகிற சத்தத்துக்குத் தெரு நாய்கள் எழுந்துவிடும்.

ஐரோப்பிய ஆட்டங்களில் பெரும்பாலும் இப்படிக் கிடையாது. ஆங்கிலேயர்கள் பைத்தியமாக ஆடிய விஸ்ட் ஆட்டத்தில் சீட்டு போடுகிறவர் தனக்கு வருகிற கடைசிச் சீட்டை எல்லாரும் பார்க்கத் திருப்பி வைப்பார், அதன் வகைதான் துருப்பு. பிரிட்ஜில் ஏலத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். துருப்பு என்ன என்பது ஊரறிந்த விஷயம், யாரிடம் எத்தனை இருக்கிறது என்பதுதான் மறைவு. ஆகவே ஆங்கிலத்தில் இந்தத் தொடர் பலத்தைத்தான் முதலில் சொல்கிறது, ரகசியம் கூடவே ஒட்டிக்கொண்டு வரலாம் வராமலும் போகலாம். தமிழில் துருப்புச் சீட்டு என்றதுமே, இன்னும் காட்டாத ஒன்று, பொத்தி வைத்திருக்கிற ஒன்று என்கிற வாசனை சேர்ந்தே வருகிறது. அது சும்மா வந்ததில்லை, தெற்கேயும் இலங்கையிலும் தலைமுறை தலைமுறையாகத் துருப்பை நிஜமாகவே கவிழ்த்து வைத்து ஆடியவர்களின் கையிலிருந்து வந்தது என்று நான் நினைக்கிறேன். அந்த வகையில் 'ரகசியமாக வைத்திருந்த துருப்புச் சீட்டு' என்று எழுதுகிற நிருபர், தெரிந்தோ தெரியாமலோ, முந்நூற்று நாலு ஆடிய தாத்தாவின் பேரன்தான். ஆரம்பத்தில் திட்டியதை இந்த ஒரு விஷயத்தில் வாபஸ் வாங்கலாம்.

ஆனால் அந்தத் தாத்தாவுக்குத் தெரிந்த இன்னும் இரண்டு சங்கதி பேரனின் வாக்கியத்துக்குள் வந்து சேரவில்லை. துருப்பைத் திறக்கச் சொல்கிறவர் பெரும்பாலும் எதிராளி. கவிழ்த்து வைத்தவருக்கு அது எவ்வளவு தாமதமாகத் திறக்கிறதோ அவ்வளவு நல்லது என்கிற ஆட்டங்களும் உண்டு, சீக்கிரம் திறந்தால்தான் பிழைப்பான் என்கிற ஆட்டங்களும் உண்டு, முடிவு அவர் கையில் மட்டும் இல்லை. அதைவிடப் பெரிய சங்கதி, துருப்பு என்பது ஒரு சீட்டு இல்லை, ஒரு வகை முழுவதும். நீ ஆர்ட்டினைத் துருப்பாக வைத்துவிட்டால் உன் ஆர்ட்டினுக்கு மட்டும் இல்லை, எதிராளியின் ஆர்ட்டினுக்கும் அதே அதிகாரம் வந்துவிடுகிறது. முதல் நாலு சீட்டைப் பார்த்து ஆசைப்பட்டு இருபது கேட்டு, ஒன்பதையும் ஏஸையும் நம்பித் துருப்பு வைத்து, கடைசியில் குலான் எதிராளி கையில் இருந்தால் கதை கந்தல். நீயே கூப்பிட்டு அவனுக்குக் கிரீடம் வைத்த மாதிரி.

இதற்கு அச்சு அசலான உதாரணம் 2024 அக்டோபரில் நடந்தது. பெங்களூரில் மழை ஈரத்தில் வேகப்பந்துக்கு 46 ரன்னில் சுருண்டது இந்தியா, நியூசிலாந்து ஜெயித்தது. அடுத்தது புணே. ஈரமும் வேண்டாம் வேகமும் வேண்டாம் என்று காய்ந்த, பந்து திரும்புகிற ஆடுகளம். அணிக்குள் நம்ம வாஷிங்டன் சுந்தரைக் கொண்டுவந்தார்கள். சுழல்தான் நம் துருப்பு, உலகத்துக்கே தெரியும். பையன் ஏமாற்றவும் இல்லை: முதல் இன்னிங்சில் 59 ரன் கொடுத்து 7 விக்கெட், ஆட்டத்தில் மொத்தம் 11. ஆனால் வகை முழுவதும் துருப்பு ஆகிவிட்டதே. எதிர் அணியில் மிட்செல் சான்ட்னர் என்று ஓர் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர், அதுவரை டெஸ்டில் ஓர் இன்னிங்சில் ஐந்து விக்கெட்கூட எடுத்ததில்லை. 53 ரன்னுக்கு 7, அப்புறம் 104 ரன்னுக்கு 6, மொத்தம் 13. குலான் அங்கே இருந்தது. 113 ரன் வித்தியாசத்தில் தோல்வி, உள்ளூரில் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு தொடர் பறிபோனது. அடுத்து மும்பை, மறுபடியும் சுழல் ஆடுகளம், அதே வகையையே மறுபடி துருப்பாக வைத்தோம். இந்த முறை சான்ட்னர் காயத்தால் ஆடவே இல்லை. மும்பையிலேயே பிறந்த அஜாஸ் படேல் இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 11 விக்கெட் எடுத்தார், 147 ரன் அடிக்க முடியாமல் 121-ல் சுருண்டு 25 ரன்னில் தோற்றோம், தொடர் 3-0.